மூடி திறக்கும் மாமா

தேயிலைத் தொழிற்சாலையில் காலமெல்லாம் உத்தியோகம் பார்த்துவிட்டு, ஓய்வுபெற்று, பண்டாரவளைப் பக்கம் வீடு கட்டிக் குடியேறியவர். தூளை முகர்ந்தே பதம் சொன்ன மூக்கு சும்மா கிடக்குமா? இப்போது அக்கம்பக்கத்துத் தயிர்ப் பானைகளுக்குள் இறங்கியிருக்கிறது.

மாமாவுக்கு விதியெல்லாம் அத்துப்படி. பாலைப் பொங்கக் காய்ச்சணும், விரல் பொறுக்கிற சூட்டுக்கு ஆறவிடணும், ஒரு கரண்டி உறை மோர் விட்டு, கம்பளியால் போர்த்தி, அடுப்போரம் வைக்கணும். "நாப்பது டிகிரிக்குக் கொஞ்சம் மேல இருந்தா கிருமி நல்லா வேலை செய்யும், புள்ள." அத்தனையும் சரி. சொன்ன கையோடு மூடியைத் திறப்பார்.

"பிடிச்சிருச்சா?"

உறை ஊற்றி அரைமணிகூட ஆகியிருக்காது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு டோச் லைட்டோடு மறுபடி வருவார். கம்பளியை விலக்குவார், மூடியைத் தூக்குவார், பானையைச் சாய்த்து ஓடுகிறதா என்று பார்ப்பார். வெற்றிலைச் சுண்ணாம்பு காயாத விரல் ஒன்று உள்ளே போய்வரும். "இன்னும் இல்லை" என்று அறிவிப்பார். பால் தயிராகும்போது அதிலுள்ள புரதம் கோத்துக்கொண்டு வலையாகிறது. ஆட்டினால் வலை அறுந்து தண்ணீர் பிரியும். மார்கழிக் குளிரில் சூடும் போய்விடும். மட்டக்களப்பில் விடியுமுன் உறைகிற பால் இங்கே மத்தியானத்தைத் தொடுவது வழக்கந்தான். மாமா இருக்கும் வீட்டில் மத்தியானமும் போதாது.

காலையில் விசாரணை. பால்காரன் தண்ணீர் கலந்துவிட்டான், மாடு சினை, உறை கொடுத்தவளுக்கு மனசில்லை. "வெல்லவாயாப் பக்கத்துச் சட்டித் தயிரைக் கவுத்தாலும் விழாது, தெரியுமா?" தெரியும் மாமா. அது எருமைத் தயிர். எருமைப் பாலில் கொழுப்பு பசும்பாலைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. நம் வீட்டில் எருமை இல்லை.

கடைசித் தீர்ப்பு: "உனக்குக் கைராசி இல்லை புள்ள." விடியுமுன் எழும்பி, ரொட்டி சுட்டு, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, பெரட்டுக்கு ஓடி, நாள் முழுக்கக் கொழுந்து பறித்துவிட்டு வந்து பால் காய்ச்சுகிறவளைப் பார்த்துச் சொல்கிற பேச்சா இது? அவர் வீட்டு அடுப்பை அவர் ஒருநாளும் பற்றவைத்ததில்லை. எல்லாம் மாமிதான்.

ஆனாலும் ஒன்று. யார் வீட்டிலாவது உறை தீர்ந்துபோனால், மழை இரவானாலும், சின்னப் போத்தலில் மோரை ஊற்றி, குளிர்ந்துவிடாமல் ஸ்வெட்டருக்குள் நெஞ்சோடு அணைத்துக் கொண்டுவந்து தருவார். வெள்ளிக்கிழமை விளக்கு வைத்தபின் மோர் தரமாட்டேன் என்கிற ஊரில் கிழமை பார்க்காத ஒரே ஆள் அவர்தான்.

ஆகவே உங்கள் ஊர் மாமாவிடம் உறையைத் தாராளமாக வாங்குங்கள். வாங்கியதும் வாசலிலேயே பிளேன்டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள். மறுநாளும் வருவார், கடைச் சட்டித் தயிர் ஒன்றைக் கித்துள் பாணியோடு மேசையில் வைத்து அதன் மூடியைத் திறக்க விடுங்கள். உங்கள் பானை உள்ளறையிலேயே இருக்கட்டும், பூட்டோடு.