காற்று திருப்திகரம்

சென்னைக் காற்றுக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தினமும் மார்க் போடுகிறது. ஆறு வகுப்பு, ஆறு நிறம். 51க்கும் 100க்கும் நடுவில் வந்தால் இளம்பச்சை. அதன் பெயர் 'திருப்திகரம்'. கடற்காற்றின் புண்ணியத்தில் வருடத்தில் பல நாள் நாம் பாஸ். டில்லிக்காரர்களைப் பார்த்து உச்சுக்கொட்டவும் நேரம் கிடைக்கிறது. திருப்தி யாருக்கு என்று மட்டும் கேட்கக் கூடாது.

மார்க் போடும் விதத்தைக் கொஞ்சம் பார்ப்போம். 2009 நவம்பரில் நாட்டுக்கே காற்றுத் தர வரம்பு அறிவித்தார்கள். மொத்தம் 12 பாடம். அதில் ஒன்று பென்சோபைரீன். டீசல், டயர், விறகு, குப்பை, சிகரெட் என்று எது அரைகுறையாக எரிந்தாலும் கரியோடு சேர்ந்து கிளம்புகிற பல்வளைய ஹைட்ரோகார்பன் கூட்டத்தில் பேர்போன பேர்வழி. ஒரு கன மீட்டர் காற்றில் அது ஆண்டுச் சராசரியாக ஒரு நானோகிராமைத் தாண்டக் கூடாது என்றது அறிவிப்பு. ஒரு கிராமை நூறு கோடிக் கூறு போட்டு, அதில் ஒரு கூறு! நம் உயிர்மேல் அரசுக்கு இத்தனை நுணுக்கமான அக்கறையா என்று நெஞ்சே விம்மியது.

2015இல் பாமரருக்கும் புரியட்டும் என்று தினசரிக் குறியீடு வந்தது. 12 பாடத்தில் எட்டுக்கு மட்டும் பரீட்சை. விட்டுப்போன நான்கு எவை? பென்சீன், பென்சோபைரீன், ஆர்சனிக், நிக்கல். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 'மனிதருக்குப் புற்று தரும்' என்று ஐயமறச் சொல்லி முதல் பட்டியலில் ஏற்றியவை இந்த நான்கும். நிக்கலில் மட்டும் அதன் சேர்மங்கள்.

கேட்டால் விளக்கம் இருக்கிறது. நியாயமான விளக்கம்தான். மற்ற எட்டுக்கும் மணிக்கணக்கிலோ நாள்கணக்கிலோ வரம்பு உண்டு. இந்த நால்வருக்கு ஆண்டுச் சராசரி மட்டுமே, தினக்கணக்கில் எப்படிச் சேர்ப்பது? வாஸ்தவம். இருமலும் இளைப்பும் அன்றன்றைக்கு வந்து ரகளை செய்கிறவை, அவற்றுக்குத் தினசரிக் குறியீடு வேண்டும். புற்று இருபது முப்பது வருடம் காத்திருந்து வருகிறது. அத்தனை பொறுமையுள்ள கொலைகாரனைத் தினமும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் நன்றாகவா இருக்கும்?

இது நேற்று முளைத்த சந்தேகம் என்று யாரும் தப்பிக்க முடியாது. புகைபோக்கிக்குள் ஏறிக் கரி துடைத்த லண்டன் சிறுவர்களுக்கு, வளர்ந்த பின் விதைப்பையில் வரும் புற்றுக்குக் கரிதான் காரணம் என்று பெர்சிவல் பாட் என்ற அறுவை மருத்துவர் எழுதியது 1775இல். ஜப்பானில் யாமகிவாவும் இச்சிகாவாவும் முயல்களின் காதில் மாதக்கணக்கில் நிலக்கரித் தார் தேய்த்துப் புற்றை வரவழைத்துக் காட்டியது 1915இல். லண்டனில் டன் கணக்கில் கீலைக் காய்ச்சி வடித்து பென்சோபைரீனையே கையும் களவுமாகப் பிடித்தது 1930களில். அந்த முயலின் காதுக்குக் கிடைத்த கவனிப்பு, தி.நகரில் ராத்திரி ரோடு போடுகிற பெண்ணின் கைக்கு இன்றுவரை கிடைக்கவில்லை.

பாண்டி பஜாரில் ஷட்டர்கள் இறங்கிய பிறகு போய்ப் பாருங்கள். காலில் ரப்பர் செருப்பு, அதன்மேல் சுற்றிய சாக்கு, முகத்தில் புடவைத் தலைப்பு. பாதுகாப்புக் கவசம் என்று டெண்டரில் எழுதியிருப்பது இதைத்தான் போலும். ஒட்டுப்போடும் வேலை என்றால் டிரம்முக்கு அடியில் விறகு. விறகு தீர்ந்தால் கைக்கு அகப்பட்டது. முடிந்ததும் கையில் ஒட்டிய தாரைக் கழுவ மண்ணெண்ணெயோ டீசலோ. பாட் எழுதிய சில ஆண்டுகளில் டென்மார்க்கில் கரி துடைப்பவர் சங்கம் தன் ஆட்களைத் தினமும் குளிக்கச் சொன்னதாம். இங்கே குளிக்கக் குழாய் எங்கே? நடைபாதை முழுக்க கிரானைட் போட்டோம், குழாய்க்குத்தான் இடமில்லாமல் போயிற்று.

இன்று ரோட்டில் ஊற்றுவது அந்தக் காலத்து நிலக்கரித் தார் இல்லைதான், பெட்ரோலியத்தின் அடிக்கசடு. அந்தப் பல்வளையக் கூட்டம் அதில் வெகு குறைவு. சாலை போடுகிறவர் மூச்சில் ஏறும் அதன் ஆவியை முகமை 'தரக்கூடும்' என்ற படியில்தான் வைத்திருக்கிறது. ஆனால் பக்கத்திலேயே உறுமும் ரோலரின் டீசல் புகை 2012இல் 'தரும்' படிக்கு ஏறிவிட்டது. கலவையின் சூட்டைக் குறைத்தால் ஆவியும் குறையும். சூடு குறைந்த கலவைக்கு இந்தியச் சாலைக் காங்கிரஸ் 2014இலேயே வழிகாட்டி எழுதி வைத்தாயிற்று. புத்தகம் அலமாரியில் இருக்கிறது, பத்திரமாக. மயிலாப்பூரில் நமக்கு வேறு கவலை: தார்மேல் தார் ஏறி ரோடு உயர்ந்து, வீட்டு வாசல் பள்ளமாகிவிட்டதாம். அதற்கு மனு மேல் மனு. அத்தனை அடுக்கையும் எவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு போட்டாள் என்று ஒரு மனுவிலும் ஒரு வரி கிடையாது.

சிக்னலில் நிற்கிற காவலரை மட்டும் அரசு மறக்கவில்லை. கோடை பிறந்ததும் உயரதிகாரி கையால் மோர், ஒரு தொப்பி, ஒரு போட்டோ. டீசல் புகைக்கு மோர் முறிவு என்று எந்தச் சித்தர் சொன்னாரோ.

2017 மே 31 விடிகாலையில் உஸ்மான் சாலை சென்னை சில்க்ஸ் கட்டடத்தில் பிடித்த தீ ஒரு நாளைத் தாண்டி எரிந்தது. சேலையும் பிளாஸ்டிக்கும் பெயின்டும் சேர்ந்து வெந்த அந்தக் கரும்புகைக்குள் தீயணைப்பு வீரர்கள் போய்ப்போய் வந்தார்கள். நாம் தடுப்புக்கு இந்தப்பக்கம் நின்று செல்போனில் படம் பிடித்தோம். ஐந்து வருடம் கழித்து, 2022இல், தீயணைப்புத் தொழிலையே அந்த முகமை முதல் பட்டியலில் சேர்த்தது. அன்று உள்ளே போனவர்களின் நுரையீரலையும் மூத்திரப்பையையும் வருடா வருடம் பார்க்க வேண்டும் என்று இந்த ஊரில் யாராவது குரல் எழுப்பிக் கேட்டிருக்கிறீர்களா? கட்டடத்துக்கு அனுமதி இருந்ததா என்று மட்டும் நாலு நாள் டிவியில் கத்தினோம்.

போகி இன்னும் ருசி. அது படித்த தெருக்களின் பங்களிப்பு. டயர் எரிக்காதீர், பிளாஸ்டிக் எரிக்காதீர் என்று மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வருடம் தவறாமல் கெஞ்சுகிறது. நாமும் வருடம் தவறாமல் எரிக்கிறோம். 2018இல் போகிப் புகையில் மீனம்பாக்கத்தில் விமானங்களே இறங்க முடியாமல் தவித்தன. அதற்கு வருத்தப்பட்டோம், ஃப்ளைட் லேட்டாயிற்றே. மறுநாள் அந்தச் சாம்பலைத் துடைப்பத்தால் கூட்டி அள்ளிய துப்புரவுப் பெண்ணுக்குப் பொங்கல் இனாம் கொடுத்ததோடு கணக்குத் தீர்ந்தது.

இதே ஊரில்தான், 1954இல் முத்துலட்சுமி ரெட்டி 12 படுக்கையோடு தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையம் இருக்கிறது. சென்னையின் புற்றுநோய்ப் பதிவேட்டை 1980களிலிருந்து சலிக்காமல் எழுதிவருவதும் அவர்கள்தான். அவர்களைக் குறை சொன்னால் வாய் வெந்துபோகும். ஆனால் ஊர்ப் பதிவேடு என்றாலே அந்த ஊரில் குடியிருப்பவரைத்தான் எண்ணும். உலகமெங்கும் அதுதான் விதி. திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்து, பத்து வருடம் நம் ரோட்டில் தார் ஊற்றி, ஊர் திரும்பிப் படுத்தவர் சென்னையின் கணக்கில் வரமாட்டார். பீகாரிலிருந்து வந்தவரைப் பற்றிப் பேசவே வேண்டாம். ஆளைக் கூப்பிட்டு வேலை வாங்கி, நோயை ஊருக்கு அனுப்பிவிட்டு, இளம்பச்சையில் மின்னுகிறது மாநகரம்.

சட்டம் இல்லையா? பேஷாக இருந்தது. 2025 வரை நடப்பிலிருந்த 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் தார், கீல், பிட்டுமன் எல்லாவற்றையும் பெயர் சொல்லி, அவற்றால் தோலில் வரும் புற்று தொழில்நோய் என்று எழுதி வைத்தார்கள். தோலில் வந்தால்தான். நுரையீரல் அந்த வரியில் இல்லை. அதோடு ஒரு சின்ன நிபந்தனையும் அதில் இருந்தது: ஒரே முதலாளியிடம் ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்திருக்க வேண்டும், இன்னொருவரிடம் இதே வேலை செய்த காலம் சேராது. ஒரு தெருவுக்கு ஒரு கான்ட்ராக்டர், அவருக்கு ஒரு சப்-கான்ட்ராக்டர், அவருக்கு ஒரு மேஸ்திரி. இருபது வருடம் கழித்துத் தோலில் கட்டியோடு ஒரு பெண் வந்து அத்தாட்சி தேடினால், மிஞ்சிப்போனால் அந்த மேஸ்திரியின் பாக்கெட் நோட்டு கிடைக்கலாம். அதில் அவள் வேலை பார்த்த தேதிக்கு நேரே 'ஆம்பள 6, பொம்பள 4' என்று எழுதியிருக்கும்.