பறவை பார்க்க எந்தக் கேமரா?

கேள்வி: அடையாறு முகத்துவாரத்துக்கும் பள்ளிக்கரணைக்கும் பறவை பார்க்கச் செல்பவர், அதிகச் செலவின்றி எந்தக் கேமராவை வாங்கலாம்? (மயிலாப்பூர் வாசகர்)

பதில்: படம் கண்காட்சிக்கா, கண்ட பறவைக்குச் சான்றா என்பதை முதலில் முடிவு செய்துகொண்டால் பாதிப் பணம் மிச்சமாகும். சான்றுக்கு, கழற்ற முடியாத லென்ஸுடன் தொலைவை அருகே இழுத்துக் காட்டும் பிரிட்ஜ் வகைக் கேமராவே போதும். 65 மடங்கு ஜூம் கொண்ட கேனான் எஸ்எக்ஸ்70, 83 மடங்கு கொண்ட நிக்கான் பி950 ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. இவற்றின் சென்சார், அதாவது ஒளியைப் படமாக்கும் சில்லு, சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது என்பதால் மங்கிய ஒளியில் படம் தெளிவிழக்கும். ஆகவே கதிரவன் முதுகுப்புறம் இருக்கும்படி நின்று எடுப்பதே நல்லது.

சதுப்பில் நிற்பது கறுப்பு அலகும் மஞ்சள் விரல்களும் கொண்ட சின்னக் கொக்கா, மஞ்சள் அலகுடைய உண்ணிக்கொக்கா என்ற ஐயத்தைச் சுமாரான படமும் தீர்த்துவைக்கும். கேமராவின் கடிகாரம் சரியாக இருந்தால் ஒவ்வொரு படமும் நாளையும் நேரத்தையும் தானே சுமந்து வரும். அவற்றுடன் இடத்தையும் எண்ணிக்கையையும் சேர்த்து, 2002இல் தொடங்கப்பட்ட ஈபேர்ட் தரவுத்தளத்தில் பதிந்தால், 2022இல் ராம்சார் தளமாக, அதாவது உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட பள்ளிக்கரணையைக் காக்க முனைவோருக்கு அது ஆதாரமாகும்.

ஒன்றுக்கு மட்டுமே பணம் உண்டெனில், எட்டு மடங்கு பெரிதாக்கும், 42 மி.மீ. முகப்பு லென்ஸுடைய 8×42 பைனாகுலரையே முதலில் வாங்க வேண்டும். பறவையைக் கண்டுபிடிக்கப் பழகாத கண்ணுக்கு எந்தக் கேமராவும் அதைக் காட்டித் தராது.