மாமாவிடம் கேளுங்கள்: அதிர்வு ஸ்பெஷல்

கே: ஒரு மணி நேரம் பைக் ஓட்டினாலே கை மரத்துப்போகிறது. என்ன செய்வது? (திண்டுக்கல்)

ப: எந்த விரல் என்று சொல்லாமல் கேட்டால் எப்படி? சுண்டு விரலும் பக்கத்து விரலும் என்றால், உள்ளங்கை ஓரமாகப் போகும் அல்நார் நரம்பு நசுங்குகிறது. கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் என்றால் மணிக்கட்டு நடுவே போகும் மீடியன் நரம்பு. ஐந்தும் என்றால், நீங்கள் வண்டி ஓட்டவில்லை, ஹேண்டில்பாரின் கழுத்தை நெரிக்கிறீர்கள்.

கே: அப்புறம் எதைப் பிடித்துக்கொள்வதாம்? (அதே திண்டுக்கல்)

ப: டேங்கை, இரண்டு முழங்காலாலும். உடம்பை இடுப்பு தாங்கட்டும். சாப்பிட்டு வளர்த்த வயிற்றுக்கும் ஏதாவது வேலை வேண்டாமா?

கே: ஒற்றை சிலிண்டர் வண்டி மட்டும் ஏன் இந்த உதறு உதறுகிறது? (கோவை)

ப: 6,000 ஆர்.பி.எம்.மில் பிஸ்டன் நொடிக்கு 100 முறை ஏறி இறங்குகிறது. ஒவ்வொரு முறையும் உச்சியில் ஒரு பிரேக், அடியில் ஒரு பிரேக். கிராங்க்கில் எதிர் எடை வைத்து அந்த மேல்-கீழ் ஆட்டத்தை முழுசாக அடக்கினால், அது முன்-பின் ஆட்டமாகக் கிளம்பும். எனவே ஒரு பங்கை மட்டும் சரிக்கட்டிவிட்டு, மிச்சத்தை உங்கள் கையில் கொடுத்துவிடுகிறார்கள். இதற்கு ‘பேலன்ஸ் ஃபேக்டர்’ என்று கௌரவமான பெயர்.

கே: இதற்கு விமோசனமே கிடையாதா? (கோவை, விடுவதாக இல்லை)

ப: உண்டு. கிராங்க்குக்கு எதிர்த்திசையில் சுழலும் பேலன்சர் ஷாஃப்ட். இங்கிலாந்தின் ஃபிரெடெரிக் லான்செஸ்டர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இந்த வழியைக் காட்டிவிட்டார். சென்னையின் 350 சிசி ராயல் என்ஃபீல்டுக்கு அது 2020இல் மீட்டியர் மாடலோடு வந்தது. அவசரப்பட்டால் காரியம் கெடும் அல்லவா!

கே: பழைய புல்லட்டில் அந்த அதிர்வுதானே மாமா கெத்து? (திருச்சி)

ப: கெத்துதான். இறங்கியதும் காபி டம்ளரைப் பிடித்துப் பாருங்கள், தெரியும்.

கே: பார் எண்ட் வெயிட் மாட்டினால் அதிர்வு போய்விடுமா? (சேலம்)

ப: போகாது, வீடு மாறும். ஹேண்டில்பாருக்கென்று ஓர் இயல்பு அதிர்வெண் இருக்கிறது. என்ஜின் அந்த சுருதியைத் தொடும் வேகத்தில் கம்பி முழுசும் ரீங்கரிக்கும். முனையில் எடை ஏறினால் சுருதி இறங்கும். 80இல் நடந்த கச்சேரி 60க்கு வந்துவிடலாம். நீங்கள் என்றைக்குமே 60ஐத் தாண்டாத உத்தமர் என்றால், காசு கொடுத்து வம்பை வாங்கியிருக்கிறீர்கள்.

கே: உதறுவது என்ஜினா, சக்கரமா? (வேலூர்)

ப: காலி ரோட்டில் கிளட்சைப் பிடித்து வண்டியை உருள விடுங்கள். உதறல் நின்றால் குற்றவாளி என்ஜின். தொடர்ந்தால் டயர், ரிம், கோன் செட். நிறுத்திய பிறகும் உதறினால் நீங்கள்.

கே: செலவில்லாமல் ஏதாவது வழி? (நாகர்கோவில்)

ப: ஸ்பேனர். முதலில் என்ஜின் மவுண்டிங் போல்ட்டைப் பாருங்கள். வாஷரைச் சுற்றிச் செம்பழுப்பாக நைஸ் தூள் படிந்திருந்தால், அங்கே இரும்பும் இரும்பும் உரசிக்கொண்டிருக்கின்றன. அப்புறம் ஹேண்டில் கிளாம்ப், செயின் தளர்வு, டயர் காற்று. மேனுவலில் சொன்ன அளவுக்கு முறுக்குங்கள். ‘எதுக்கும் இன்னும் கால் சுத்து’ என்று பாசம் காட்டினால் மரை போய்விடும். செலவில்லாத வழி அத்தோடு சரி.

கே: ஸ்பாஞ்ச் கிரிப் போடலாமா? (கடலூர்)

ப: போடலாம். மழைக்காலத்தில் அது தண்ணீர் குடித்து வைத்திருந்து, பிடிக்கும்போது சட்டைக் கைக்குள் ஊற்றும். பிடி ரொம்பத் தடித்தாலும் கை இன்னும் இறுக்கித்தான் பிடிக்கும்.

கே: ஹேண்டில்பாரில் போனை மாட்டி ஊர் சுற்றினேன். கேமரா மங்கிவிட்டதே! (பாண்டிச்சேரி)

ப: பைக் என்ஜின் அதிர்வு ஐபோன் கேமராவைக் கெடுக்கலாம் என்று ஆப்பிளே 2021இல் எச்சரித்தது. கெட்டுப்போவது எது தெரியுமா? படம் நடுங்காமல் காக்கும் பாகம்!

கே: டாக்டரிடம் போக வேண்டியது எப்போது? (மதுரை)

ப: இறங்கிக் கையை உதறிய சில நிமிடத்தில் சரியானால் டீ போதும். தூக்கத்திலும் மரத்தால், சட்டைப் பொத்தான் போடத் தடுமாறினால், குளிரில் விரல் நுனி வெளுத்தால் டாக்டர். அமெரிக்காவின் இந்தியானாவில் காற்றுச் சுத்தியல் பிடித்த கல்தச்சர்களுக்கு விரல் வெளுப்பதை ஆலிஸ் ஹாமில்டன் என்ற பெண் மருத்துவர் 1918இலேயே ஆராய்ந்து சொல்லிவிட்டார். நீங்கள் ஊட்டிக்குப் போய் மறுபடி நிரூபிக்க வேண்டாம்.

கே: மனைவி பின்னால் உட்கார்ந்தால் அதிர்வு குறைகிறதே, எடை காரணமா? (ஈரோடு)

ப: எடை இல்லை. வேகம்.

கே: என்னிடம் ஆர்எக்ஸ் 100 இருக்கிறது. டூ ஸ்ட்ரோக்குக்கும் இதெல்லாம் பொருந்துமா? (தஞ்சாவூர்)

ப: பொருந்தும், பொருந்தும். விலை என்ன சொல்கிறீர்கள்?