‘சைலண்ட் நைட்’டுக்கு மிருதங்கமா?

கேள்வி: கொட்டாஞ்சேனை ஒளிவிழாவில் ‘சைலண்ட் நைட்’ செய்யப்போகிறோம். இரண்டு வயலின், புல்லாங்குழல், மிருதங்கம் இருக்கின்றன. எப்படிப் பிரித்துக் கொடுப்பது?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: 1818 நத்தாருக்கு முதல்நாள் இரவு, ஆஸ்திரியாவின் ஒபெர்ன்டோர்ஃபில் இது அரங்கேறியபோது பக்கவாத்தியம் ஒரு கிட்டார்தான். நீங்கள் பணக்காரர்! மெட்டு சங்கராபரண ஸ்வரங்களில்தான் ஓடுகிறது. முதல் வயலின் மெட்டைப் பிடிக்கட்டும்; இரண்டாவது பெரும்பாலும் ஒரு ஸ்வரம் விட்டு அதன் கீழே வரட்டும். குழல் இரண்டாம் சரணத்தில் நுழைந்தால் போதும். வில்லங்கம் சுருதியில். பாட்டு நடு ஸட்ஜத்திலிருந்து மேல் மத்யமம் வரை ஏறும். இரண்டு கட்டையில் எடுத்தால் சபை பாதியில் வாயை மூடிவிடும்; கீழ் ஆறரைக் கட்டையே பத்திரம். மிருதங்கம் திஸ்ர நடையில், மெல்ல. தனியாவர்த்தனம் கேட்டால் கொடுக்காதீர்கள். பாட்டில் குழந்தை தூங்குகிறது!