குழாய்க்குள் போகாதவள்

ரெண்டு பிள்ளைகளை வளர்த்துக் காலேஜில் சேர்த்துவிட்ட பிறகு, வீட்டில் சும்மா இருப்பானேன் என்று மழலையர் பள்ளி டீச்சர் ட்ரெயினிங்கில் சேர்ந்தேன். கூடப் படிப்பவர்கள் எல்லாம் என் மகள் வயசு. பால் பாட்டிலை எந்தப் பக்கம் பிடிக்கணும் என்றுகூடத் தெரியாத பிள்ளைகள். இவர்களுக்கெல்லாம் கடைசியில் நாம்தான் சொல்லித்தர வேண்டியிருக்கும் என்ற கவலையோடுதான் உள்ளே போனேன். அந்தக் கவலை முதலுதவி வகுப்பு வரை நீடித்தது.

“ஆறு மாசக் குழந்தை. தொண்டையில என்னவோ அடைச்சிருச்சு. என்ன செய்வீங்க?” என்று கேட்டார் பயிற்சியாளர். சின்னப் பெண்கள் முழித்தார்கள். நான் கையைத் தூக்கினேன். உச்சந்தலையில் தட்டுவேன். ‘யாரோ நினைக்கிறாங்க’ என்பேன். உச்சியில் ஊதுவேன். ஒரு வாய் தண்ணி கொடுப்பேன். அதற்கும் மசியவில்லை என்றால் விரலை விட்டு எடுத்துவிடுவேன். அவர் ஒவ்வொன்றாகப் போர்டில் எழுதிக்கொண்டே வந்தார். எனக்குப் பெருமையாக இருந்தது. எழுதி முடித்துவிட்டு மேலே தலைப்புப் போட்டார்: ‘செய்யக் கூடாதவை.’

சிரிக்காதீர்கள், நீங்களும் தட்டியிருப்பீர்கள். அடைப்பு இருப்பது தொண்டையில். நாம் தட்டுவது மண்டையில். தண்ணி கொடுத்தால் அதுவும் சேர்ந்து அடைக்கும். கண்ணுக்குத் தெரியாத பொருளை விரலால் துழாவினால் இன்னும் உள்ளேதான் போகும். என் பிள்ளைகள் ரெண்டு பேரும் நல்லபடியாக வளர்ந்ததில் என் பங்கு என்ன என்று அன்றைக்கு முதல்முறையாகச் சந்தேகம் வந்தது.

அடுத்து பொம்மையை வைத்துச் செய்முறை. குழந்தையைக் குப்புறக் கவிழ்த்து முன்கையில் தாங்கி, தாடையைப் பிடித்துக்கொண்டு, தலை உடம்பைவிடத் தாழ்ந்திருக்கும்படி வைக்கணும். தோள்பட்டைகளுக்கு நடுவே, உள்ளங்கையின் அடிப்பாகத்தால் 5 தட்டு. வெளியே வரவில்லை என்றால் நிமிர்த்தி நெஞ்சின் நடுவில் 5 அழுத்து. பொருள் வெளியே வரும்வரை மாற்றி மாற்றி; பக்கத்தில் ஆள் இருந்தால் உடனே 108-க்கு போன் பண்ணச் சொல்லணும். குழந்தை நினைவிழந்தால் சி.பி.ஆர். கேட்கச் சுலபமாகத்தான் இருந்தது. நான் மூணாவது தட்டு தட்டும்போது பொம்மை கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. பதறிப்போய் எடுத்து, “ஒண்ணுமில்லடா கண்ணா” என்று அதன் தலையைத் தடவினேன். வகுப்பு முழுக்க அமைதி. “மேடம், இப்போ குழந்தைக்கு ரெண்டு பிரச்னை” என்றார் பயிற்சியாளர்.

நான் விடுவேனா? சினிமாவில் பார்த்த ஞாபகத்தில் பொம்மையைப் பின்னாலிருந்து கட்டிப்பிடித்து வயிற்றில் ஒரு அமுக்கு அமுக்கினேன். அது 1974-ல் ஹைம்லிக் என்ற அமெரிக்க டாக்டர் சொன்ன முறையாம். பெரியவர்களுக்குச் சரி. ஒரு வயதுக்குக் கீழே வயிற்றை அழுத்தவே கூடாது, கல்லீரல் அடிபட்டுவிடும். பொம்மையை என்னிடமிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டார்கள்.

எனக்கு ரொம்ப உறைத்தது வேறொன்று. குழந்தை சத்தமாக இருமினாலோ அழுதாலோ காற்று போய் வருகிறது என்று அர்த்தம். இரும விட்டுவிட்டு, கூடவே இருந்து கண்காணிக்கணும். சத்தமே வராமல், முகம் நீலம் பாரித்தால்தான் ஆபத்து. நானோ, பக்கத்து ரூமில் பிள்ளைகள் சத்தமில்லாமல் இருந்தால் “எவ்வளவு சமத்து!” என்று நிம்மதியாக சீரியல் பார்த்தவள்.

பிறகு ஒரு உருளையை எடுத்து மேஜையில் வைத்தார். மூணு வயதுக்குக் கீழான பிள்ளைகளின் பொம்மைகளைச் சோதிக்கிற உருளை அது. வாய் அகலம் 31.7 மில்லிமீட்டர். அதற்குள் முழுசாக அடங்கும் எதுவும் சின்னக் குழந்தையின் கைக்கு எட்டக் கூடாது. பத்து ரூபாய் நாணயம் தாராளமாக உள்ளே போனது. “உங்க மேல இருக்கிறதை ஒவ்வொண்ணா போட்டுப் பாருங்க” என்றார். தோட்டுத் திருகாணி, தாலிச்சரட்டில் கோத்திருந்த நாலு ஊக்கு, சேலைப் பின், ஹேர்பின், கொலுசிலிருந்து தொங்கிய முத்து, ஹேண்ட்பேக்கில் கிடந்த விக்ஸ் மிட்டாய், எதற்கென்றே தெரியாத ஒரு சட்டைப் பொத்தான். எல்லாம் உள்ளே போய்விட்டது. நான் மட்டும்தான் போகவில்லை.

வீட்டுப் பாடமாகக் கைவினைப் பொம்மை செய்யச் சொன்னார்கள். மரியா மாண்டிசோரி 1939-ல் அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்கு வகுப்பெடுத்தார் என்று படித்திருந்தேன். அவர் முறையில் கணக்கே மணிகளை வைத்துத்தான். அதனால் பிளாஸ்டிக் பாட்டிலில் பச்சைப்பயறும் கலர் மணியும் நிரப்பி, மூடியை ஃபெவிகால் போட்டு ஒட்டி, ‘தவழும் குழந்தைக்கான கிலுகிலுப்பை’ என்று லேபிளும் எழுதினேன். மாண்டிசோரி அந்த மணிகளைக் கொடுத்தது, எதையும் வாயில் போட்டுப் பார்க்கும் வயதைத் தாண்டிய பிள்ளைகளுக்கு. பயிற்சியாளர் ஒரே ஒரு தடவைதான் ஆட்டினார். மூடி பறந்தது. அன்றைக்கு வகுப்பு மொத்தமும் தவழ்ந்தது.

தீனி விஷயத்தில் நான் தேறிவிடுவேன் என்று நினைத்தேன். திராட்சையை முழுசாகக் கொடுக்கக் கூடாது, வெட்டணும். வெட்டினேன், குறுக்குவாட்டில், அழகழகாக வட்டமாக. நீளவாக்கில் நாலாக வெட்டணுமாம். குறுக்கே வெட்டினால் வட்டம் வட்டமாகத்தானே இருக்கும், மூச்சுக்குழாயும் வட்டம்தானே? அதுவும் குழந்தையின் சுண்டுவிரல் தடிமன்தான். நம் ஊர் காது மூக்கு தொண்டை டாக்டர்களைக் கேட்டால், குழந்தைகளின் மூச்சுக்குழாயிலிருந்து அடிக்கடி எடுப்பது நிலக்கடலை என்பார்கள். முன்பல் முளைத்ததும் குழந்தை கடித்துவிடும். அரைக்கக் கடைவாய்ப்பல் வேண்டும். உள்ளே போன கடலை ஈரத்தில் ஊறும், அதன் எண்ணெய் புண்ணாக்கும், விடாத இருமலைச் சளி என்று நாம் வாரக்கணக்கில் வைத்தியம் பார்ப்போம். போன நூற்றாண்டில் செவாலியர் ஜாக்சன் என்ற டாக்டர் இப்படி மனிதர்களுக்குள்ளிருந்து எடுத்தவற்றைப் பத்திரப்படுத்தி வைத்தார். 2,374 பொருட்கள், இன்றும் ஃபிலடெல்ஃபியா மியூசியத்தில் இருக்கின்றன. நான் அழுகிற மகன் வாயில் கடலைமிட்டாயைத் திணித்து அழுகையை நிறுத்தியவள். அழும் வாயில் தீனி போடுவதும் போர்டில் இருந்தது. நான் சொல்லாமலே எழுதியிருந்தார்கள்.

இத்தனை ஞானத்தோடு வீட்டுக்கு வந்தால் சும்மா இருக்க முடியுமா? நாத்தனார் மகள் எட்டு மாசக் குழந்தையோடு வந்திருந்தாள். அதன் கையில் வசம்பு வளையல். கயிறு இற்றுப்போய், குழந்தை அதைச் சப்பிக்கொண்டிருந்தது. கழற்றினேன். “உன் புருஷனும் இதைச் சப்பித்தான் வளர்ந்தான்” என்றார் மாமியார். அதைப் பற்றி நான் கருத்து எதுவும் சொல்லவில்லை. எடை மெஷினின் பட்டன் பேட்டரியையும் கழற்றினேன். 20 மில்லிமீட்டர் லித்தியம் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் 2 மணி நேரத்திலேயே சுட்டுப் புண்ணாக்கிவிடும். எடை பார்க்க முடியாமல் போனதில் எனக்கொன்றும் வருத்தமில்லை.

பலூன், நாணயம், மாமியாரின் பிரஷர் மாத்திரை எல்லாவற்றையும் குழந்தைக்கு எட்டாத இடமாகப் பார்த்து வைத்தேன். ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் மாத்திரையைக் கேட்டார். எட்டாத இடத்தில்தான் வைத்தேன், அது நன்றாக ஞாபகம் இருக்கிறது. எந்த இடம் என்பதுதான் ஞாபகமில்லை. ஸ்டூல் போட்டு ஏறிப் பரணில் பார்த்தேன், பீரோ மேலே பார்த்தேன், ஃப்ரிட்ஜ் மேலே பார்த்தேன், அரிசி டிரம்முக்குள்கூடக் கையை விட்டேன். மாமியார் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்துவிட்டுச் சொன்னார்: “எதுக்கும் குழந்தையக் கேட்டுப் பாரு. அதுக்குத் தெரிஞ்சிருக்கும்.”