இருகணினி ஒருபலகை இயல்: ஈப்போவில் ஒரு மேசை மேல் நிகழ்த்திய ஆய்வு

மேசை மேல் கணினி இரண்டு. விசைப்பலகை ஒன்று, மௌஸ் ஒன்று. நடுவே தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய கறுப்புப் பெட்டி; அதன் தலையில் ஒரு பொத்தான். ஒரு தட்டுத் தட்டினால் பலகையும் மௌஸும் அலுவலகக் கணினிக்குப் போகும். மறுதட்டில் வீட்டுக் கணினிக்குத் திரும்பும். விற்றவர் இதற்கு யுஎஸ்பி ஸ்விட்ச் என்று பெயர் சொன்னார். வீட்டில் இதன் பெயர் மாத்துப் பொட்டி. இத்தகைய பொருளுக்குத் தமிழில் முறையான இலக்கணம் ஏதும் என் கண்ணில் பட்டதில்லை. அப்படி ஒன்று வேண்டும் என்று யாரும் கேட்டதாகவும் தெரியவில்லை. ஆய்வுலகில் இரண்டாவது காரணத்தை ஒரு தடையாக யாரும் மதிப்பதில்லை ஆதலால் மேலே செல்வோம்.

களம்: ஈப்போ, பூந்தோங் பக்கம் ஒரு தாமான் வீட்டின் முன்னறை. மேசையின் நீளம் நாலரை அடி. காலம்: 2020 மார்ச் 18, கொரோனாப் பரவலால் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை மலேசியா எங்கும் நடப்புக்கு வந்த நாள் முதல். அன்று அலுவலகத்தின் கணினி என்னோடு வீட்டுக்குக் குடிவந்தது. வீட்டில் ஏற்கெனவே ஒன்று இருந்தது. கோயில் திருவிழா மலரை அதில்தான் தொகுத்துவந்தேன். திருவிழா நின்றுபோனாலும் மலர் நிற்கக்கூடாது என்பது எங்கள் நிருவாகக் குழுவின் கொள்கை. மாதிரி அளவு: ஒருவர், அவரும் நானே. மேற்பார்வை: என் அம்மா. சுங்கை சிப்புட்டை அடுத்த ஒரு ரப்பர்த் தோட்டத்தில் முப்பத்தோரு ஆண்டு பால் வெட்டியவர். தோட்டம் செம்பனைக்கு மாறியபின் எங்களோடு வந்துவிட்டார். அவர் எதிர்நாற்காலியில் உட்கார்ந்து தோட்டத்துக் கதையைச் சொல்லச் சொல்ல, மலருக்காக நான் தட்டச்சு செய்வேன்.

கணினிக்கு ஒன்றாக இரண்டு பலகை வைத்துக்கொள்வதுதானே என்று கேட்பார் உளர். வைத்தோம். அந்த ஏற்பாடு ஒன்பது நாள் நீடித்தது. இரண்டு பலகைக்கும் இடம் கொடுத்தபின் கோப்பிக் கோப்பையும் பூந்தோங் கச்சாங் பூத்தே நொறுக்குத்தீனிப் பொட்டலமும் மேசையின் விளிம்பில் உயிர்ப்பயத்தோடு நின்றன. ஒன்பதாம் நாள் பொட்டலம் அலுவலகப் பலகையின் மேல் கவிழ்ந்தது. 'என்டர்' விசைக்கு அடியில் போன முறுக்குத் துண்டு இன்னும் அங்கேயே இருக்கிறது என்பது என் துணிபு. அழுத்தினால் நொறுங்குகிறது.

இனி, பிறர் மதம் மறுத்தல். நன்னூல் கூறும் எழுவகை மதங்களில் இதுவும் ஒன்று என்பதால் செய்தே ஆக வேண்டும்.

ஒரு சாரார் இப்பெட்டியை வள்ளி தெய்வானை சமேத முருகனோடு ஒப்பிடுவர். கல்லுமலைக் கோயில் இருக்கும் ஊரில் இந்த எண்ணம் எழுவது இயல்பே. ஆயினும் அது பொருந்தாது. முருகன் இரு தேவியர்க்கும் ஒரே நேரத்தில் நடுவே நிற்கிறான். இந்தப் பலகையோ ஒருத்தியோடு இருக்கும்போது இன்னொருத்திக்குச் செத்துப்போனதற்குச் சமம். மற்றொரு சாரார் தீவக அணி என்பர். ஓரிடத்தில் நின்ற ஒரு சொல் பலவிடத்தும் சென்று பொருள் கொடுப்பது போல, ஓரிடத்தில் நின்ற பலகை ஈரிடத்தும் எழுத்துக் கொடுக்கிறது என்பது அவர்கள் வாதம். அங்கும் அதே குறை: தீவகம் என்றால் விளக்கு; விளக்கு ஒரே சமயத்தில் எல்லா மூலைக்கும் வெளிச்சம் கொடுக்கும், பலகை கொடுக்காது. ஆனால் பெட்டியை மேசையில் எங்கே வைப்பது என்னும் சிறு கேள்விக்கு இந்த அணி உதவியது. முதனிலையில் வைத்தால் இடக்கைப்பக்கம் கம்பி எட்டவில்லை. கடைநிலையில் வைத்தால் மௌஸ் இடித்தது. எனவே இடைநிலைத் தீவகமே சிறந்தது என்க.

இப்போது பெட்டிக்குள் நடப்பதைப் பார்ப்போம். யுஎஸ்பி என்னும் வரையறை 1996 ஜனவரியில் வெளிவந்தது. அதன் முதல் விதி, ஒரு கருவிக்கு ஒரு நேரத்தில் ஒரே எசமான். இரண்டாவது விதி இன்னும் கடுமை: எசமான் கேட்டால்தான் கருவி வாய் திறக்கலாம். நாம் ஒரு விசையை அழுத்தினால் பலகை ஓடோடிப் போய்ச் சொல்லும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்படியன்று. 'ஏதாவது உண்டா, ஏதாவது உண்டா' என்று கணினிதான் ஓயாமல் கேட்கிறது. சாதாரண மௌஸை விநாடிக்கு 125 முறை கேட்பது வழக்கம். மௌஸ் பெரும்பாலும் 'ஒன்றுமில்லை' என்ற பாவனையிலேயே காலம் கழிக்கிறது.

பொத்தானைத் தட்டினால் பெட்டி ஒரு கணினியின் தொடர்பை அறுத்து மற்றதோடு கோக்கிறது. பழைய எசமான் சோகமாக ஓர் ஓசை எழுப்பி, பெயரைப் பேரேட்டிலிருந்து அடித்துவிடுகிறார். புதிய எசமானுக்கு, வாசலில் யாரோ முன்பின் தெரியாதவன் நிற்கிறான். எண்கூட இல்லாதவன். நீ யார், எந்தக் கம்பெனிச் சரக்கு, என்ன வேலை தெரியும் என்று விசாரணை நடக்கிறது. பலகை பதில் சொல்கிறது. விசாரணைக்கு நடுவிலேயே 1 முதல் 127க்குள் ஓர் எண்ணைக் கொடுத்து, முடிந்ததும் வேலைக்குச் சேர்த்துக்கொள்கிறார். பத்து நிமிடத்துக்கு முன் இதே பலகை இங்கேதான் இருந்தது என்றாலும் விசாரணை முதலிலிருந்துதான். தட்டியதும் ஓரிரு விநாடி எழுத்து விழாமல் நிற்பது இதனால்.

இதை அம்மாவிடம் விளக்கினேன். அவர் வியக்கவில்லை.

"அதான் பெரட்டு" என்றார். "விடிய அஞ்சு மணிக்குக் களத்துல நிப்போம். கிராணி பேரு படிப்பாரு. நேத்தும் அதே ஆளுதான், அதே கிராணிதான். ஆனா பேரு படிச்சு நீ சத்தம் குடுத்தாத்தான்டா அன்னிக்கி நீ ஆளு."

யுஎஸ்பி வரையறையின் பல நூறு பக்கங்களுக்கு இதைவிடச் சுருக்கமான உரையை நான் கண்டதில்லை.

பெட்டிக்கு முன்னோரும் உண்டு. தொண்ணூறுகளில் ஈப்போ அலுவலகங்களில் இரண்டு கணினிக்கு ஒரு பிரிண்டர் என்றால் குமிழ் திருகும் தகரப் பெட்டி ஒன்று இருக்கும். ஏ பக்கம் திருகினால் கணக்குப் பிரிவு, பி பக்கம் திருகினால் மானேஜர். யார் திருகிவிட்டுப் போனார் என்பதில் வாரம் ஒரு சண்டை. விசைப்பலகையைப் பகிர்வது அக்காலத்தில் இன்னும் சிக்கல். ஐபிஎம் 1987இல் கொண்டுவந்த உருண்டைச் செருகி, ஓடிக்கொண்டிருக்கும் கணினியில் பிடுங்கிச் செருகுவதற்கு ஆனதன்று. பலகை இல்லாமல் கணினியைத் தொடங்கினால், பலகையைக் காணோம், தொடர வேண்டுமானால் எஃப்1 விசையை அழுத்து என்று திரையில் எழுதிக்காட்டும். இதன் தத்துவ ஆழத்தைத் தனி ஏட்டில் ஆராய எண்ணம். ஆகையால் அக்காலத்துப் பெட்டிகள் ஒரு வித்தை செய்தன. பலகை பக்கத்துக் கணினிக்குப் போயிருக்கும்போதும், 'இங்கேதான் இருக்கிறேன்' என்று அதன் குரலில் தாமே பதில் சொல்லிவந்தன. பெரட்டுக்கு வராதவனுக்கும் பேர் போடுவது என்று இதற்கு ஒரு தோட்டத்து வழக்கு உண்டு. அதைச் சொன்னபோது அம்மா பல பெயர்களைச் சொன்னார். அவற்றை இங்கே தவிர்க்கிறேன்.

ஆய்வின் மையக் கருதுகோள் எனதன்று, அம்மாவினது. பெட்டி வந்த அன்றே, நான் இங்கும் அங்கும் தட்டிக்காட்டியபோது, "ஒத்தக் கத்தி, ரெண்டு நெரை. இன்னிக்கி மேட்டு நெரை, நாளைக்கி ஆத்தோர நெரை" என்றார்.

இதன் பொருள் விரித்துரைக்கத் தக்கது. ரப்பர் கன்று மலாயாவுக்கு வந்தது 1877இல். சிங்கப்பூர் வழியாக வந்தவற்றில் சில நம் கோலகங்சாரில் நடப்பட்டன. அவற்றுள் ஒரு மரம் இன்றும் அங்கே வேலிக்குள் நிற்கிறது. மரத்தைக் கொல்லாமல் பட்டையை மட்டும் சீவிச் சீவிப் பால் எடுக்கலாம் என்று சிங்கப்பூர்ப் பூங்காவில் சோதித்து நிறுவியவர் ஹென்றி ரிட்லி. தினம் வெட்டினால் மரம் தளர்ந்துவிடும். எடுத்த பால் உள்ளே மறுபடி ஊறவேண்டும். ஆகவே பாதிச் சுற்று, ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்னும் முறை நிலைபெற்றது. எஸ்/2 டி/2 என்று ரப்பர் ஆராய்ச்சியாளர்கள் குறிப்பது இதைத்தான். மரத்துக்கு ஒரு நாள் ஓய்வு என்றால் அன்று ஆளுக்கு என்ன வேலை? அதற்காகத்தான் ஆளுக்கு இரண்டு பங்கு மரம். கத்தி ஒன்று, கை ஒன்று, நிரை இரண்டு, மாற்றி மாற்றி.

ஆக, பெட்டியின் கட்டமைப்பு முழுவதும் பேராக் தோட்டங்களில் கணினிக்கு முன்பே வழக்கில் இருந்தது என்பது பெறப்படும். ஒரே வேறுபாடு, அங்கே பொத்தானைத் தட்டியது சூரியன். அது இருபத்து நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை தட்டும். என் விரல் மணிக்கு நாற்பது முறை தட்டுகிறது.

"மரத்துக்கு லீவு சரி. உங்களுக்கு?" என்று கேட்டேன்.

"மரத்துக்குத்தான் லீவு" என்றார்.

ரப்பர்த் தொடர்பை இன்னும் வலுப்படுத்தலாம் என்ற ஆசையில் பழைய பலகை ஒன்றைத் திருப்புளியால் திறந்தேன். ஒவ்வொரு விசைக்கும் கீழே மென்மையான குமிழ் ஒன்று இருக்கிறது. அழுத்தினால் அமுங்கி, விட்டால் எழுகிறது. கண்டதும் மகிழ்ச்சி பொங்கியது. சுங்கை சிப்புட்டின் பால் என் விரலுக்கடியில்! அம்மா ஒரு குமிழை எடுத்து இழுத்துப் பார்த்தார், முகர்ந்தார், கீழே வைத்தார். "இது மரத்துப் பால் இல்ல." உண்மைதான். இக்குமிழ்கள் பெரும்பாலும் சிலிக்கோனால் ஆனவை. ஓர் அத்தியாயம் இவ்வாறு கைவிடப்பட்டது.

பெட்டியின் பெருங்குறைக்கு வருவோம். அது கையை மாற்றும், கண்ணை மாற்றாது. திரைகள் இரண்டும் எரிந்துகொண்டே இருக்கும். எந்தக் கணினியிடம் கை இருக்கிறது என்பதைக் காட்டப் பெட்டியில் கணினிக்கு ஒன்றாகக் கடுகளவு பச்சை விளக்கு உண்டு. தோட்டத்துக் கதை சூடுபிடித்த நேரத்தில் அதை யார் பார்ப்பது?

ஒரு செவ்வாய்க்கிழமை, அலுவலகத்துப் பற்றுச்சீட்டுப் பட்டியலில் ஒரு தொகையைத் திருத்திவிட்டு, தட்ட மறந்து, கண்ணை வீட்டுத் திரைக்குத் திருப்பினேன். கை 'அம்மா' என்று தொடங்கியது. இங்கே ஒரு நுட்பம். பலகைக்கு எழுத்துத் தெரியாது. எந்த இடத்து விசை அமுங்கியது என்பது மட்டுமே தெரியும். அது அகரமா ஏயா என்று முடிவு செய்வது கணினி. 1999இல் சென்னையில் நடந்த இணைய மாநாட்டை ஒட்டி உருவான தமிழ்99 அமைப்பில் அம்மா என்பதற்கு நான்கு தட்டு: அகரம், மகரம் இரு முறை, ஆகாரம். புள்ளியைக் கணினியே வைத்துக்கொள்ளும். அதே நான்கு தட்டும் ஆங்கிலம் மட்டுமே அறிந்த அலுவலகக் கணினியில் ஏ, கே, கே, கியூ என்று விழும். விழுந்தது. தொகைக்கு நேரே, கட்டத்துக்குள், சின்ன எழுத்தில்.

மறுநாள் மேலதிகாரி போனில் கூப்பிட்டு, இது எந்தக் கணக்குக் குறியீடு என்று கேட்டார். பழைய குறியீடு என்றேன். பொய்யன்று.

இதை அம்மாவிடம் சொன்னபோதுதான் அந்தக் கதை வந்தது. மழை பெய்து இரண்டு நாள் வெட்டு நின்று, மூன்றாம் நாள் இருட்டில் நெற்றி விளக்கோடு போனவர், எந்த நிரையின் முறை என்று குழம்பித் தவறான நிரையில் இறங்கிவிட்டார். பதினோரு மரம் வெட்டியபின்தான் பக்கத்து நிரைக்காரி சத்தம் போட்டாராம். கங்காணி வந்து பார்த்தார்.

"என்ன சொன்னார்?"

"என்னா சொல்வாரு? அன்னிக்கி அரைப்பேரு."

அரைப்பேர் என்றால் அரை நாள் சம்பளம். அதன்பிறகு அம்மா ஒரு தந்திரம் செய்தாராம். மேட்டு நிரையின் முதல் மரத்தில் பால் மங்குக்குப் பக்கத்தில் சிவப்புத் துணி ஒன்று. அன்று வெட்டி முடித்தால் அதை அவிழ்த்து ஆற்றோர நிரையின் முதல் மரத்தில் கட்டிவிடுவது. துணி எங்கேயோ நாளைக்கு அங்கே வெட்டு. இருபது ஆண்டுக்கு மேல் அந்தத் துணிக்கு அரைப்பேரே இல்லை.

கருவி இல்லாமல் மென்பொருளாலேயே இதைச் செய்யலாம் என்று கணினி படித்த மருமகன் ஒருவன் சொன்னான். மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட ஒன்றை இரண்டிலும் நிறுவினால், மௌஸ் அம்பு ஒரு திரையின் ஓரத்தைத் தாண்டி அடுத்த திரைக்குள் நுழையுமாம். நல்லதுதான். ஆனால் அலுவலகக் கணினியில் எதை நிறுவவும் எனக்கு அதிகாரமில்லை. பெட்டி யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. அத்தோடு அதை விடுவோம்.

அம்மா செய்ததே நிலைத்தது. ஸ்டிக்கர் பொட்டு அட்டையிலிருந்து சிவப்பு ஒன்றை எடுத்து வீட்டுத் திரையின் மேல்விளிம்பில் ஒட்டினார். அதே நிறத்தில் இன்னொன்று, பெட்டியில் வீட்டுக்கான விளக்குக்குப் பக்கத்தில். அலுவலகத்துக்குப் பச்சைப் பொட்டு. தணிக்கைக்கு வந்தவர் காணொளிச் சந்திப்பில் அதைக் கண்டு ஏதும் கேட்கவில்லை. பொட்டு வந்தபின் நான்கு மாதத்தில் இரண்டே பிழை. அவையும் இரவு பதினொன்றுக்கு மேல்.

இந்நிலையில் மகளுக்கு இணைய வகுப்பு தொடங்கிவிட்டது. அவளுக்கும் ஒரு மடிக்கணினி. வைக்க இடம் இல்லை, அதே மேசைதான். நான்கு வாயில் கொண்ட பெட்டிகள் விற்கின்றன. ஒன்றுக்குச் சொல்லிவைத்தேன். அம்மாவிடம் தெரிவித்தபோது சற்று நேரம் பேசவில்லை.

"கடைசி வருசத்துல எங்களுக்கும் மூணு நெரை குடுத்தாங்க" என்றார். "மூணு நாளைக்கு ஒரு வெட்டு. மரத்துக்காக இல்ல. புள்ளைங்கள்லாம் பேக்டரிக்குப் போயிட்டாங்க, ஆளு இல்ல."

நேற்றுப் பெட்டி வந்துவிட்டது. விளக்கு நான்கு. பிரித்து மேசையில் வைத்தேன். அம்மா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பொட்டு அட்டையை வெளிச்சத்தில் பிடித்து, மிச்சம் எத்தனை நிறம் இருக்கிறது என்று எண்ணிக்கொண்டிருந்தார்.