சிஸ்டம் சார்

1990-களில் திருச்சியில் கல்யாண வீடியோ ஸ்டூடியோ நடத்திய எவருக்கும் இரண்டு பேர் தயவு வேண்டியிருந்தது. ஒன்று மின்வாரியம், மற்றவர் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கும் சிஸ்டம் சார். மின்வாரியத்தையாவது வாய்விட்டுத் திட்டலாம். சாரைத் திட்டினால் மெஷினை அக்கக்காகக் கழற்றிப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்.

சட்டைப்பையில் ஒரு ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், நாலைந்து பிளாப்பி, ஒரு அழிரப்பர். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு ஏ.சி. அறைக்குள் வருவார். மானிட்டரை ஏறிட்டும் பார்க்கமாட்டார். ஆன் செய்யச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். அவார்டு பயாஸ் போட்ட மெஷினில் நீளமாகத் திரும்பத் திரும்பக் கத்தினால் ரேம். ஒன்று நீளம், இரண்டு குட்டை என்றால் டிஸ்ப்ளே கார்டு. ரேமை உருவி, அதன் அடியில் பல்வரிசை போலிருக்கும் பித்தளை நிறப் பட்டைகளை அழிரப்பரால் தேய்த்து, ஊதி, அழுத்திச் செருகுவார். மெஷின் ஓடும். “ஒரு ரூபா ரப்பருக்கா இவ்வளவு ஃபீஸ்?” என்று முதலாளி மனசுக்குள் முனகுவார். பட்டைகளில் படிந்த அழுக்கு மின்தொடர்பைக் கெடுத்திருக்கும். ரப்பர் அதைத்தான் எடுத்தது. வைத்தியம் சரிதான்.

சாருக்கு இவ்வளவு கிராக்கி வந்ததற்கு டைரக்டர் ஷங்கரும் ஒரு காரணம். 1994-இல் வந்த ‘காதலன்’ படத்தில் தலையில்லாமல், கையில்லாமல் உடைகள் மட்டும் ஆடின. ஸ்பெஷல் எஃபெக்ட்ஸுக்குத் தேசிய விருதும் கிடைத்தது. அதற்குப் பிறகு கல்யாண கேசட்டில் பூப்போட்ட கார்டு காட்டினால் எந்தப் பெண்ணின் அப்பாவும் ஒத்துக்கொள்ளவில்லை. ஸ்ரீரங்கம் என்றால் கேட்கவே வேண்டாம். ராஜகோபுரம் சுற்ற வேண்டும், உள்ளிருந்து மாப்பிள்ளை பெயர் தங்க எழுத்தில் பறந்து வர வேண்டும்.

1987-இல் கட்டி முடிந்த கோபுரம். 13 நிலை, 236 அடி. டாஸில் ஓடிய ‘த்ரீ-டி ஸ்டூடியோ’ சாஃப்ட்வேரில் ஒரு பையன் அதை நிலை நிலையாகச் சிற்பங்களோடு கட்டுவான். ஏழாம் நிலையில் மெஷின் உறைந்துவிடும். ரேம் 16 எம்.பி.; அது நிரம்பியதும் மிச்சத்தை ஹார்ட் டிஸ்க்கில் எழுதிப் படிக்கத் தொடங்கும். டிஸ்க் விளக்கு அணையாமல் எரியும்.

“பொம்மையெல்லாம் தூக்குடா. வெறும் பெட்டியா கட்டி, மேல போட்டோவ ஒட்டு.”

“சார், கிட்ட போனா தெரிஞ்சிடும்.”

“கிட்ட யார்ரா போகச் சொன்னா?”

அதுவும் சரியான வைத்தியம். அந்தக் காலத்தில் வெளிநாட்டு வீடியோ கேம்காரர்களும் அதைத்தான் செய்தார்கள்.

அடுத்தது ரெண்டரிங், அதாவது கட்டியதை மெஷின் ஒவ்வொரு ஃபிரேமாக வரைந்து தள்ளும் வேலை. நம் ஊர் டி.வி.க்கு விநாடிக்கு 25 ஃபிரேம். பத்து விநாடி டைட்டிலுக்கு 250. ஒரு ஃபிரேமுக்கு நாலு நிமிஷம் என்றால் மொத்தம் பதினாறு மணி நாற்பது நிமிஷம். மெஷின் சூடேறி நிற்காமலிருக்க கேபினெட்டின் பக்கக் கதவைக் கழற்றி டேபிள் ஃபேனைத் திருப்பி வைப்பார்கள்.

“ஏன்டாப்பா, கோபுரம் நாளைக்குள்ள சுத்திடுமா?”

“சுத்திடும் மாமா. கரண்ட் மட்டும் இருக்கணும்.”

கரண்ட் இருக்காது. அதனால்தான் சார் ஒரே வீடியோ கோப்பாக எழுதவிடமாட்டார். ஒவ்வொரு ஃபிரேமும் எண் போட்ட தனிப் படம். 180-இல் கரண்ட் போனால் 180-இலிருந்தே தொடரலாம். இன்னொரு காரணமும் உண்டு. சுருக்காத முழுத்திரைப் படம் விநாடிக்கு 33 எம்.பி.யை விழுங்கும். அன்றைய டாஸில் ஒரு கோப்பு 2 ஜி.பி.யைத் தாண்ட முடியாது. ஒரு நிமிஷ வீடியோவுக்கே கழுத்துவரை வந்துவிடும்.

டி.வி.யில் போட்டால் மாப்பிள்ளை பெயருக்குக் கீழே உள்ள தங்கக் கோடு நடுநடுங்கும். ஸ்டூடியோக்காரர் டி.வி.யைத் தட்டுவார். சார் தட்டமாட்டார். ஒற்றைப்படை வரிகளையும் இரட்டைப்படை வரிகளையும் டி.வி. மாற்றி மாற்றிக் காட்டுவதால் ஒற்றை வரிக் கோடு வந்து வந்து மறைகிறது. கோட்டைத் தடியாக்கினார், நடுக்கம் நின்றது.

எல்லா வைத்தியமும் இந்த ரகம் இல்லை. சில வகுத்தல் கணக்குகளில் பென்டியம் சிப் தப்பு செய்கிறது என்று 1994 கடைசியில் செய்தி வந்து, இன்டெல் மாற்றித் தர ஒப்புக்கொண்டது. அன்றிலிருந்து எந்த ஸ்டூடியோவில் கோபுரம் சாய்ந்தாலும் “பென்டியம் வகுத்தல்” என்றார் சார். விசாரித்தால் அங்கே ஓடுவது 486. மறுத்துப் பேசினால், “சுஜாதாவே எழுதியிருக்கார்” என்பார். அந்த எழுத்தாளரின் ஊரான ஸ்ரீரங்கத்தில் அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

வைரஸ் விஷயத்தில் மட்டும் விளையாட்டே இல்லை. சி.ஐ.எச். வைரஸ் ஏப்ரல் 26, 1999 அன்று ஹார்ட் டிஸ்க்கின் தலைப்பகுதியை அழித்தது. சில மெஷின்களில் பயாஸையும் கெடுத்தது. சாருக்கு அது பஞ்சாங்கத்தில் இல்லாத கரிநாள். முதல் நாள் ராத்திரியே போய் மெஷின்களின் தேதியை 27-க்குத் தள்ளி வைத்தார். கேட்காதவர்களின் கேபினெட்டுகளை மடியில் சுமந்து ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் சிங்காரத்தோப்புக்குப் பழுதுபார்க்கப் போனார்.

எதுவும் பலிக்காதபோது கடைசி மருந்து ஒன்று வைத்திருந்தார்: “ஃபார்மட் அடிச்சுடலாம்.” அடித்தால் மெஷின் பிழைத்துவிடும். அதிலிருந்த நாலு கல்யாணம் போய்விடும்.

இன்று சார் சி.சி.டி.வி. மாட்டுகிறார். அவர் சுழலவிட்ட கோபுரங்கள் பலர் வீட்டுப் பரணில் வி.எச்.எஸ். கேசட்டாகப் பூஞ்சை பிடித்துக் கிடக்கின்றன. கடைசிவரை வி.சி.ஆர். தயாரித்துவந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமும் 2016-இல் நிறுத்திவிட்டது. உங்கள் வீட்டில் கேசட் இருந்தால் இப்போதே எடுத்துப்போய் டிஜிட்டலாக மாற்றிக்கொள்ளுங்கள். சாரிடமே கொடுக்கலாம், ஒழுங்காகச் செய்து தருவார். பென் டிரைவை மட்டும் அவர் கையில் கொடுத்துவிடாதீர்கள்.